பேர் வெட்டின டம்ளர்

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் யாரும் வராதிய" என்று சண்முகவடிவு காலையிலேயே குழாயடியில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த ஸ்டோர். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு குடித்தனம், நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய். அங்கே எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. முதல் முறையே எல்லார் காதிலும் விழுந்துவிடும். விழுந்ததை யாரும் கேட்டு நடப்பதில்லை என்பதுதான் கஷ்டம்.

மத்தியானம் வெயில் தாழாமல் இருக்கும்போதே எதிர்க் குடித்தனத்துப் பச்சையம்மா வந்துவிட்டாள். அவள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா. கோடை விடுமுறையானதால் அவளுக்கு வேறு வேலை இல்லை. துண்டில் சுற்றிய எதையோ குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா வடிவு. ஆறு டம்ளா. எவர்சில்வரு. தேச்சு வெச்சிகீறேன், மொகம் தெரியும் பாரு."

"எங்ககிட்ட டம்ளர் இருக்குக்கா."

"இன்னா கீது? அந்த நசுங்கிப் போன அலுமினியமா? வர்றவன் யாரு? தேனாம்பேட்டைல பாத்தரக்கடை வெச்சிகினு கீறவன். அவன் கைல போய் அந்தச் சொட்ட டம்ளாவ குடுப்பியா? பொண்ண பாக்க மாட்டான், டம்ளாவத்தான் பாப்பான்."

சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சண்முகவடிவுக்கு எரிச்சல்.

அவளிடமும் ஒரு காலத்தில் எவர்சில்வர் இருந்தது. புருஷன் சிதம்பரநாதன் உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவர். காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே இருந்ததில் கால் நரம்பு சுருண்டுகொண்டு புண்ணாகி, ஆபரேஷன் வரைக்கும் போனது. அவர் வீட்டோடு கிடந்த மாதங்களில் பாத்திரம் ஒவ்வொன்றாகப் போயிற்று. சோறு மட்டும் நிற்கவில்லை. பச்சையம்மா குழம்பு கொண்டுவருவாள். பக்கத்துக் குடித்தனத்து நீரஜாவின் அம்மா ரசம் அனுப்புவாள். கடைசிக் குடித்தனத்து ஜமீலுன்னிசா ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். முதல் மாதம் சண்முகவடிவுக்குக் கண் கலங்கியது. அப்புறம் நன்றி சொல்வதும் ஒரு வேலையாகிவிட்டது. மாவு ஆட்டுவதுபோல அதையும் தினம் செய்யவேண்டியிருந்தது. சிதம்பரநாதன் தேறி வேலைக்குப் போன பிறகும், மளிகைக்கடைக்காரர் அவளை "ஆபரேஷன் வீட்டம்மா" என்றுதான் கூப்பிட்டார். வேறு யாராவது கேட்டால், "அதான், ஸ்டோர்ல எல்லாரும் சேர்ந்து பாத்துக்கிட்டாங்களே, அந்த வீடு" என்பார்.

இன்றைக்கு ஒரு சாயங்காலம் அந்தப் பேர் இல்லாமல் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவ்வளவுதான்.

பச்சையம்மா போவதற்குள் ஜமீலுன்னிசா வந்தாள். அவள் புருஷன் பாண்டி பஜாரில் தையல்காரர். ஜாக்கெட்டுகளைத் தைப்பது அவள், கடையில் மாட்டுவது அவர். சண்முகவடிவை அக்கா என்ற பொருளில் 'ஆபா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆபா, ஜாக்கெட் போட்டுப் பாத்தாளா? கை இறுக்கமா இருக்கா? இருந்தா சொல்லுங்க, அஞ்சு நிமிஷம், பிரிச்சு விடறேன்." கையில் ஒரு தட்டும் நாலு சின்னக் கிண்ணங்களும் இருந்தன. "கேசரி வெக்கறதுக்கு. எங்க அம்மா வூட்டு சீர்."

"எதுக்கு ஜமீலு இதெல்லாம்?"

"அரே, பாத்திரக்கடைக்காரங்க ஆபா!"

அதே பேச்சு. ஸ்டோர் முழுக்க அன்று அது ஒரு மந்திரமாகியிருந்தது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நின்ற டைப்பிஸ்ட் நீரஜாவும் அதையே சொன்னாள்.

"மாமி, பாத்திரக்கடைன்னா கண் அங்கதான் போகும். எங்காத்துல ஒரு பெரிய டம்ளர் இருக்கு. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அதுல குடுங்கோ. நன்னா கனமா இருக்கும்."

சண்முகவடிவின் மகள் தங்கபுஷ்பம் உள்ளே நீரஜாவின் புடவையில், ஜமீலுன்னிசா தைத்த ஜாக்கெட்டில் நின்றாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டிலிருந்தே பட்டுப்புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் முடிகிறவள். புடவையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்து, நூலைப் பிரித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்கி, முடிச்சுப் போடவேண்டும். கெண்டைக்காலுக்கு முன்பக்கம் முடி உதிர்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கடைப் புடவைகள் எல்லாவற்றையும் அன்று நீரஜா வீட்டுக்குக் கடத்தியாயிற்று. ஜன்னல் கம்பி வெறுமையாக இருந்தது. தன் வீடே வேறு யார் வீடோபோல இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

"ஏளா தங்கம்" என்றாள் சண்முகவடிவு, மெல்ல. "டம்ளர்ல எல்லாம் பேர் வெட்டியிருக்கு. தட்டுல வைக்கும்போது பேர் உன் பக்கம் இருக்கட்டும், கேட்டியா? அவ்வொ பக்கம் திரும்பிரக் கூடாது."

"இந்தப் பெரிய டம்ளர்ல சுத்திச் சுத்தி வெட்டியிருக்கும்மா. எந்தப் பக்கம் திருப்ப?"

சண்முகவடிவு வாங்கிப் பார்த்தாள். வளையம் போல எழுத்து ஓடியது. படிக்க நேரமில்லை. வாசலில் நல்லசிவத்தின் குரல் கேட்டுவிட்டது.

நல்லசிவம் சிதம்பரநாதனோடு கடையில் வேலை செய்கிறவர். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் பின்னால் பாத்திரக்கடை அய்யாதுரையும் அவர் மனைவி சீதாலட்சுமியும் மகன் ஜவஹரும் வந்தார்கள். சண்முகவடிவின் ஊரான ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துக்காரர்கள். தூரத்து உறவும்கூட. ஆறு குடித்தனத்திலிருந்தும் சேகரித்த நாற்காலிகளில், ஒன்றைப்போல ஒன்று இல்லாத நாற்காலிகளில், உட்கார்ந்தார்கள். ஜவஹருக்குக் கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுவது அவன் வேலை என்று நல்லசிவம் சொன்னார்.

"எம்மவன் வெட்டினா அச்சு மாதிரி இருக்கும்" என்றாள் சீதாலட்சுமி.

சண்முகவடிவு உள்ளே தங்கபுஷ்பம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் காப்பித் தட்டோடு வந்தாள். பேரெல்லாம் தன் பக்கம் இருக்கும்படி பிடித்திருந்தாள். கனமான டம்ளர் சீதாலட்சுமிக்குப் போயிற்று. சீதாலட்சுமி அதை வாங்கினாள். குடிக்கவில்லை. பாத்திரக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம்: நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். சத்தத்தைக் கேட்டாள். திருப்திதான் போலிருந்தது. பிறகு டம்ளரைக் கண்ணருகே கொண்டுபோய் மெதுவாகச் சுற்றினாள்.

"நீரஜா. கோலப்போட்டி. இரண்டாம் பரிசு" என்று படித்தாள். நிமிர்ந்தாள். "பொண்ணு பேரு தங்கபுஷ்பம்னுல்லா சொன்னாவ?"

"அது... கூப்பிடுற பேரு" என்றாள் சண்முகவடிவு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"நீரஜான்னு கூப்பிடுவியளா?"

"ஆமா."

"அப்ப கோலம் நல்லாப் போடுவாளோ?"

"போடுவா."

தங்கபுஷ்பம் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புள்ளிக் கோலமே கோணல்தான் வரும்.

அதற்குள் அய்யாதுரை தன் டம்ளரைத் திருப்பியிருந்தார். "இது யாரு, மு. சுப்பராயன்?"

சிதம்பரநாதனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே கடையில் அவரைச் சாயம் போகாத புடவைகளை மட்டும் காட்ட வைத்திருந்தார்கள். "அது பச்சையம்மா வீட்டுக்காரர்."

"எங்க இருக்காரு?"

"இறந்துட்டார்."

"எறந்து ரொம்ப வருசம் ஆச்சு நைனா" என்று வாசலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "இப்ப டம்ளாலதான் கீறாரு."

சீதாலட்சுமி வாசலைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நிழல்கள் நகர்ந்தன. அவள் கேசரித் தட்டை எடுத்தாள். பேர் நீளமானதால் இரண்டு வரியாக மடங்கியிருந்தது. "ஜமீலுன்... னிசா." மற்றொரு டம்ளர், மறுபடி சுப்பராயன். இன்னொன்று, சுப்பராயன். நல்லசிவம் இருமினார். இருமல் முடிந்ததும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மறுபடி இருமினார்.

அந்த நேரம் பார்த்து நீரஜா உள்ளே வந்துவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் வந்தாள். "மன்னிக்கணும் மாமி. நான்தான் நீரஜா. கோலமும் நான்தான் போட்டேன். அவாளைத் தப்பா நினைச்சுக்காதீங்கோ."

ஜவஹர் சிரித்துவிட்டான். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். தங்கபுஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இதுல உங்க பாத்திரம் எது?" என்று சீதாலட்சுமி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கடைக்கு வந்தவரிடம் எந்த அளவு வேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

சிதம்பரநாதன் யோசித்தார். "காப்பி எங்களுது" என்றார்.

"சக்கர மட்டும்..." என்று ஜமீலுன்னிசாவின் குரல் ஆரம்பித்தது. பச்சையம்மா அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பாதியில் நின்றது.

அவர்கள் போன பிறகு சண்முகவடிவு முற்றத்தில் நின்று கத்தினாள். "நான் என்ன சொன்னேன்? வராதிய, வராதியன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்லா? ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது எங்கள எங்க வீட்டுல இருக்க விட்டிருக்கக் கூடாதா?"

ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்தைத் தானே கழுவிக்கொண்டாள். பச்சையம்மா மட்டும், "அந்தப் பொம்பள சுண்டிப் பாத்தா பாரு, எனக்குத் திக்குனு ஆய்ட்ச்சு" என்று குழாயிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் வந்தார். சண்முகவடிவு எழுந்து நிற்கக்கூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார் என்று முடிவு செய்திருந்தாள்.

"பையனுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு" என்றார் நல்லசிவம். "அவ்வொ அம்மாவுக்கும்தான். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கல்யாணச் செலவும் அவ்வொளே பாத்துக்கிடுவாவ."

சிதம்பரநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கபுஷ்பம் காலில் உருட்டிக்கொண்டிருந்த நூலை உருட்டாமல் பிடித்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. பொண்ணு ஸ்ரீவைகுண்டத்துல இருந்து நேரா வந்ததா இருக்கட்டும்ங்காவ. கடைத்தெரு ஆளுங்கள்லாம் வருவாவ பாருங்க. அதனால ஸ்டோர்க்காரங்க யாரும் கல்யாணத்துக்கு வர வேண்டாம். பொறவும் அந்தப் போக்குவரத்து வேண்டாம். பெத்தவங்க நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம், போலாம்."

சண்முகவடிவு கேட்டதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்ரீவைகுண்டத்துச் சண்முகவடிவு. ஆபரேஷன் வீட்டம்மா அல்ல. யாரும் சேர்ந்து பார்த்துக்கொண்ட வீடு அல்ல. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பேரை யாரோ தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

"அதுக்கென்ன?" என்றாள். "நியாயந்தானே?"

நல்லசிவம் போனார். கதவு திறந்திருந்தது. எல்லாரும் கேட்டிருந்தார்கள். எப்போதும்போலத்தான். சண்முகவடிவு அவர்கள் கோபித்துக்கொள்வதற்காகக் காத்திருந்தாள். கோபித்தால் திருப்பிச் சொல்லப் பதில்கூட வைத்திருந்தாள்.

பச்சையம்மா முதலில் வந்தாள். "அவ்ளோதானே? நாங்க வர்ல. இன்னா இப்ப? பொண்ணு நல்லா இர்க்கணும், அதுக்கு மேல இன்னா கீது?" கொஞ்சம் யோசித்தாள். "வர்லன்னாலும் எப்டி வராம இருக்கறது? நான் வேண்ணா ஊர்லேர்ந்து வந்த பெரிம்மான்னு சொல்லிக்கறேன். உங்க ஊர்ல எப்டி பேசுவாங்க? ஏலான்னு கூப்டணும், அதானே?"

"ஏளா. ஏலான்னா ஆம்பளையைக் கூப்பிடறது மாதிரி" என்றாள் தங்கபுஷ்பம்.

"ஏள்ளா."

"அவ்வளவு அழுத்த வேண்டாம் பெரியம்மா."

நீரஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் வாயையே திறக்கமாட்டேன். ஊமைன்னு சொல்லிடுங்கோ. திறந்தா மயிலாப்பூர் வந்துடும்."

பச்சையம்மா முற்றத்தில் நடந்து காட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க, இருங்க, சொகமா கீறியளா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சண்முகவடிவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததால் எரிச்சலும் வந்தது.

ஜமீலுன்னிசா மட்டும் கதவோரமாக நின்றாள். "நான் வரலே ஆபா. எனக்கு நடிக்க வராது, மொகத்துலே தெரிஞ்சுடும். கல்யாண ஜாக்கெட்ட மட்டும் நான் தெச்சுத் தரேன். அது பரவாயில்லே. ஜாக்கெட்லே யார் தெச்சான்னு பேர் வெட்டறதில்லையே."

தங்கபுஷ்பம் குஞ்சத்தில் ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டிருந்தாள். அதை ஊசியால் நெம்பிப் பிரிக்க ஆரம்பித்தாள். நெடுநேரம் பிரித்தாள்.

மறுநாள் சண்முகவடிவு வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கடைக்கே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றாள். "நானும் வாரேன்" என்றாள் தங்கபுஷ்பம். பெண் வருவது வழக்கமில்லை. ஆனால் முடித்த புடவைகளை ஜவுளிக்கடையில் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார்கள். தேனாம்பேட்டையில் இறங்கியபோது தார் ரோடு செருப்பில் ஒட்டியது.

கடை வாசலில் பித்தளை அண்டாக்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. உள்ளே ஜவஹர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே ஒரு தட்டை இடுக்கிக்கொண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்தான். டிக், டிக், டிக் என்று சின்னச் சுத்தியல் உளியைத் தட்டிக்கொண்டே போயிற்று. அவர்களைப் பார்த்ததும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

சீதாலட்சுமி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "வாங்க மதினி. வாளா. என்ன இந்த வெயில்ல? சொல்லிவிட்டா நாங்க வந்திருக்க மாட்டமா?"

சண்முகவடிவு பையில் கை விட்டாள். அதற்குள் தங்கபுஷ்பம் பேசிவிட்டாள். அவள் வெளியாட்களிடம் அதிகம் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். அவங்க ஏன் வரக் கூடாது?"

"ஏளா!" என்றாள் சண்முகவடிவு.

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்றாள் சீதாலட்சுமி. ஒரு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் அவங்கள மட்டமாச் சொல்லல. தங்கமான ஆளுங்கதான், பாத்தாலே தெரியுது. ஆனா கஷ்டத்த நாலு பேர் கையில குடுத்து வச்சா அது நம்ம கஷ்டமா இருக்காது, ஊர்ப் பேச்சா இருக்கும். நாங்க இந்த ஊருக்கு வந்தப்ப ஒரு வேளைச் சோறுதான். யார் வீட்டுப் படியும் மிதிக்கல. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுன்னு வெறும் பானைய அடுப்புல வச்சுக் கிண்டியிருக்கேன். அதனாலதான் இன்னைக்கு யாரும் எங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு எங்க கடைக்கு வந்து ஒருத்தி, 'நான் குடுத்த டம்ளர்லதான் நீங்க பொண்ணு பாத்திய'ன்னு சொல்லப்படாது, பாரு."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வெறும் பானையைக் கிண்டியதைச் சொல்லும்போது அவள் கை தானாகச் சுழன்றது.

தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பார்த்தாள். "எங்க வீட்டுல அப்படிக் கிண்ட விட்டிருக்க மாட்டாங்க அத்தை. மூடியத் தூக்கிப் பாத்திருப்பாங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"ஸ்ரீவைகுண்டத்த நான் ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். யாராவது எந்தத் தெருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவங்க வரலாம்னா நான் வாரேன். வரக் கூடாதுன்னா வேண்டாம்."

சுத்தியல் தவறியது. உளி நழுவி, எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி விழுந்துவிட்டது. ஜவஹர் தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினான். கோமதி என்று இருக்கவேண்டியது கோம்தி என்று இருந்தது.

"நீ என்னலே சொல்லுத?" என்று சீதாலட்சுமி மகனைக் கேட்டாள்.

அவன் அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. "அம்மா சொன்னா சரிதான்" என்றான்.

தங்கபுஷ்பம் தலையாட்டினாள், எடை சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவள்போல. அப்புறம், "வாரோம் அத்தை" என்றாள்.

பஸ்ஸில் சண்முகவடிவு ஓயவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. "உனக்கு வாய் எப்ப முளைச்சுது? கல்யாணமாகிப் போற பிள்ளைக்கு ஆயாவும் தையக்காரியும் எதுக்கு? வந்து உன் குடும்பத்தையா நடத்தப் போறாவ? அந்தப் பொம்பள சொன்னதுல என்ன தப்பு? எனக்கு மட்டும் இருக்காதா அந்த ஆசை? நாலு வருஷமா ஒரு வெங்காயம் அரிஞ்சா என்ன குழம்புன்னு முற்றத்துல இருந்து கேக்காளுவ. எனக்குன்னு ஒரு வயித்துவலி வர முடியாது. உங்கப்பாவுக்கு எத்தன தடவ வெளிய போச்சுன்னு நீரஜாவோட அம்மாவுக்குத் தெரியும்! பையன் எப்படிச் சிரிச்சான், பாத்தியா? அந்த மாதிரி சிரிக்கிறவன் இனிமே எங்க கிடைப்பான்?"

"அன்னைக்கு சிரிச்சான். இன்னைக்கு சிரிக்கலேம்மா" என்றாள் தங்கபுஷ்பம்.

பையில் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது.

ஸ்டோரில் எல்லாரும் வாசலிலேயே இருந்தார்கள். முகத்தைப் பார்த்ததும், "இன்னா ஆச்சு?" என்றாள் பச்சையம்மா. தங்கபுஷ்பம் நடந்ததைச் சொன்னாள். நாலு வாக்கியம்தான். அவர்கள் நெகிழ்ந்துபோவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. முற்றம் தீப்பிடித்ததுபோல ஆகிவிட்டது.

"உன்ன யாரு கேட்டா?" என்று பச்சையம்மா இரண்டு கைகளையும் விரித்தாள். "நாங்க கேட்டமா? கண்ணாலத்துக்கு வரணும்னு நாங்க ஒத்தக்கால்ல நின்னமா? ஏள்ளா ஏள்ளான்னு ராத்திரி பூரா சொல்லி சொல்லி என் நாக்கு சுளுக்கிகினு கீது! எல்லாம் எதுக்கு? நீ நல்லா இர்க்கணும்னுதானே? போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துகீறா மகாராணி!"

"பைத்தியமா நீ?" என்றாள் நீரஜா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கே இன்னும் வரன் அமையலே. வந்த வரனை யாராவது விடுவாளா? அதுவும் எங்களுக்காக. என் தலையில ஏன் இந்தப் பாவம்?"

"நான்தான் வரலேன்னு சொல்லிட்டேனே" என்றாள் ஜமீலுன்னிசா. "வராதவளுக்காக எதுக்குச் சண்டை போட்டே? என்னை இப்ப யார் மொகத்துலே முழிக்கச் சொல்றே?"

பாத்திரக்கடையில் அத்தனை பேசிய தங்கபுஷ்பம் முந்தானை நுனியை உருட்டி முறுக்கினாள்.

"அவளை ஏன் போட்டு வையிதிய?" என்று ஒரு குரல் கேட்டது. சண்முகவடிவுதான். வழியெல்லாம் தான் திட்டிய அதே வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவ சொன்னதுல என்ன தப்பு? கல்யாண வீட்டு வாசல்ல பெரியம்மா வேஷம் போட்டுக்கிட்டு நீங்க நிக்கிறதயும், ஜமீலு இங்க தனியா உக்காந்து பொத்தான் தைக்கிறதயும் நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எனக்கு வேண்டாம் அந்தக் கல்யாணம்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் சிதம்பரநாதன் உள்ளேயிருந்து.

"நீங்க சும்மா இருங்க."

"அதச் சொல்றதுக்கு நீ யாரு வடிவு?" என்று பச்சையம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அதுக்கு ஒரு நல்லது நடக்கும்போது நாங்க குறுக்க நின்னம்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டாங்க? எங்கள வெச்சி இவ வேணாம்னு சொல்றதுக்கு நாங்க இன்னா இவளுக்கு..."

நின்றுவிட்டாள். அடுத்த வார்த்தை எதுவென்று எல்லாருக்கும் தெரியும். கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான்.

"சொல்லுங்கக்கா" என்றாள் சண்முகவடிவு. விடுவதாக இல்லை. "முடிங்க. நீங்க எங்களுக்கு யாரு?"

பச்சையம்மா வியர்வையை முந்தானையால் துடைத்தாள். குழாய் மேடையில் உட்கார்ந்தாள். "தெர்ல" என்றாள். "இத்தினி நாளா யாரும் கேக்கல."

ஸ்டேஷனில் ஒரு ரயில் கிளம்பிப் போயிற்று. பிறகு அவளே சொன்னாள்: "அடுத்தாப்ல எவனாவது வந்தா கேப்பான். இப்பவே பேசி வெச்சிக்கணும். ஆளுக்கு ஒண்ணு சொல்லி மாட்டிக்கக் கூடாது. ஊருகீரு எல்லாம் வேணாம், இங்கத்து ஆளாவே சொல்லுவோம். நான் பெரிம்மா. சரியா? ஜமீலு சித்தி."

"நான் எப்படிச் சித்தி?" என்றாள் ஜமீலுன்னிசா. "ஆபாவை விட நான் மூத்தவ."

"என்னை விடவா?" சண்முகவடிவுக்குக் குரல் உயர்ந்தது. "நீயா? அப்ப இத்தனை வருஷமா ஏன் என்னை ஆபா, ஆபான்னு கூப்பிட்ட?"

"மரியாதைக்குக் கூப்பிட்டேன். மரியாதைக்குக் கூப்பிட்டா வயசு கூடிடுமா?"

"எந்த வருஷம் பொறந்த நீ? சொல்லு."

"வருஷம் யாருக்குத் தெரியும்? எங்க வூட்டுலே கெணறு வெட்டின மறு மாசம்."

"எங்க ஊர்ல ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப நான் கைக்குழந்தை."

"எந்த வெள்ளம்?"

நீரஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கிணற்றுக்கும் வெள்ளத்துக்கும் எது முந்தி என்று சிதம்பரநாதனைக் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்த உண்மையை அவர் சொன்னார். அதை இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை. தங்கபுஷ்பம் உள்ளே போய்ப் புதுப் புடவை ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, நூலைப் பிரித்துக் காலில் வைத்து உருட்டத் தொடங்கினாள். வெளியே சண்டை வலுத்துக்கொண்டிருந்தது.